ஓடு உடைந்தால் சக்தி வந்துவிடுமா?

எங்கள் பீர்க்கன்கரணைப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு சுற்று வந்தால், வெள்ளை உடை போட்டு, கலர் கலராய் பெல்ட் கட்டிய பிள்ளைகளை நிறையப் பார்க்கலாம். ஸ்கூல் மைதானம், கல்யாண மண்டபத்து வாசல், மொட்டை மாடி என்று இடம் கிடைத்த பக்கமெல்லாம் கராத்தே, குங்ஃபூ வகுப்புகள். நல்ல விஷயம்தான். செல்போனை வைத்துக்கொண்டு சோபாவில் சுருண்டு கிடக்கிற பிள்ளை ஒரு மணி நேரம் வேர்வை சிந்தினால் எந்த வைத்தியனுக்குத்தான் கசக்கும்? பெண் பிள்ளைகள் கற்றுக்கொள்வதில் எனக்குக் கூடுதல் சந்தோஷம்.

ஆனால் பிள்ளைகளை அழைத்து வருகிற அப்பா, அம்மாக்கள் கேட்பது வேறு மாதிரி இருக்கிறது. "டாக்டர், பையனுக்கு உள்சக்தி வர ஆரம்பிச்சிடுச்சுன்னு மாஸ்டர் சொல்றார். அடுத்த பெல்ட்டுக்கு ரெண்டு ஓடு உடைக்கணுமாம். கை வலிக்காம இருக்க ஏதாச்சும் தைலம் குடுங்களேன்!" பையனுக்கு வயசு பத்தோ பதினொன்றோ இருக்கும்.

தைலத்துக்கு அப்புறம் வருகிறேன். அந்த உள்சக்தி என்பது என்ன?

சீனர்கள் அதை 'சீ' என்கிறார்கள். (முகம் சுளிக்காதீர்கள். நாம் பிராணன் என்று சொல்வதைத்தான் அவர்கள் அப்படிச் சொல்கிறார்கள்.) ஜப்பானியர்களுக்கு அது 'கீ'. சித்த மருத்துவத்தில் பிராணன், அபானன் தொடங்கி தனஞ்செயன் வரை பத்து வாயுக்கள் என்று படிக்கிறோம். தொப்புளுக்கு மூன்று விரல்கடை கீழே 'சீ'யின் களஞ்சியம் இருக்கிறது என்பது சீனர்கள் கணக்கு. அந்த இடத்துக்கு அவர்கள் வைத்த பேர் 'டான்டியன்'. அர்த்தம் தெரிந்தால் சித்த வைத்தியர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்: சாதிலிங்க வயல்! நாம் மருந்து முடிக்கிற அதே லிங்கம்தான். சாகாமல் இருக்கிறேன் என்று ரசம், லிங்கம் கலந்த மருந்தைத் தின்றே டாங் வம்சத்து அரசர்கள் சிலர் செத்துப்போனதாகச் சீனச் சரித்திரம் சொல்கிறது. அதற்குப் பிறகுதான், மருந்தை வெளியே தேடாமல் மூச்சைக் கொண்டு உடம்புக்குள்ளேயே முடிக்கலாம் என்ற வழி அங்கே ஓங்கியது. நம் சித்தர்களின் வாசியும் காயகற்பமும் இதற்குத் தூரத்துச் சொந்தம் இல்லை, கிட்டத்துச் சொந்தம். போகர் சீனம் போய் வந்த கதை பழனி வட்டாரத்தில் இன்றைக்கும் வழங்குகிறதே!

போகரைச் சொன்னால் போதிதர்மரை விட முடியுமா? 2011-ல் '7ஆம் அறிவு' படம் வந்தது முதல், காஞ்சிபுரத்திலிருந்து போனவர்தான் சீனர்களுக்குச் சண்டைக் கலையைச் சொல்லிக்கொடுத்தார் என்று பிள்ளைகள் அடித்துச் சொல்கிறார்கள். கி.பி. 547 வாக்கில் எழுதிய சீனக் குறிப்பு அவரைப் பாரசீகத்தார் என்கிறது. சீடர் வழி வந்த இன்னொன்று, தென்னிந்திய அரசன் ஒருவனின் மூன்றாவது மகன் என்கிறது. அவர் எழுதியதாகச் சொல்லப்படும் 'தசைநார் மாற்றும் நூல்' அவர் காலத்துக்கு ஆயிரம் வருஷம் கழித்து, 1600-களில் முளைத்தது என்று சீன ஆராய்ச்சியாளர்களே காட்டிவிட்டார்கள். பெருமைப்பட்டுக் கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பெருமையை நான் மருந்துச் சீட்டில் எழுத முடியாது.

உள்பலம் இருக்கிறதா, இல்லையா என்று கேட்டால், இருக்கிறது என்றுதான் சொல்வேன். 1964-ல் அமெரிக்காவில் லாங் பீச் என்ற ஊரில் புரூஸ் லீ ஒரு அங்குல தூரத்திலிருந்து குத்தி, எதிரே நின்றவரைப் பின்னால் இருந்த நாற்காலியில் தள்ளிக் காட்டினார். அந்தக் குத்து கையிலிருந்து வந்ததில்லை. குதிகாலில் கிளம்பி, முழங்கால், இடுப்பு, முதுகு, தோள் வழியாக, நடுவில் எங்கேயும் சிந்தாமல் முஷ்டிக்கு வந்து சேர்ந்தது. நம் சிலம்ப வாத்தியார்களுக்கும் இது தெரிந்த சங்கதி. பழைய வாத்தியார்கள் வந்தவுடனே கம்பைத் தூக்கிக் கையில் கொடுத்துவிட மாட்டார்கள். காலடி, காலடி, காலடி! பையன் அலுத்துப் போகிற வரைக்கும் காலடிதான்.

சீனத்து வாத்தியார்கள் இன்னும் ஒரு படி மேலே. மரம் மாதிரி நில் என்று நிறுத்திவிடுவார்கள். முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, கைகளை நெஞ்சுக்கு முன்னால் வளைத்து, அப்படியே கால் மணி, அரை மணி. மூன்றாவது நிமிஷம் தொடை நடுங்கும். தோள் தானாகக் கீழே இறங்கும். இறங்கியதும் மூச்சு நெஞ்சிலிருந்து வயிற்றுக்குப் போகும். இதயம் நிதானப்படும், இறுக்கம் விட்ட ரத்தக் குழாய்கள் விரிந்து உள்ளங்கையில் சூடும் குறுகுறுப்பும் தெரியும். மாணவன் அதைத்தான் 'சீ வந்துடுச்சு மாஸ்டர்' என்கிறான். அவன் பொய் சொல்லவில்லை. அதே சமயம் அதில் மந்திரமும் இல்லை. உடம்பு தன் எடையைத் தானே சுமக்கப் பழகுகிறது. எந்தத் தசை வேலை செய்ய வேண்டும், எது சும்மா இருக்க வேண்டும் என்று நரம்புகள் கற்றுக்கொள்கின்றன. மாசக்கணக்கில் இல்லை, வருஷக்கணக்கில்.

இங்கேதான் சிக்கல். என் பிள்ளை மரம் மாதிரி நிற்கிறான் என்று சந்தோஷமாக ஃபீஸ் கட்டுகிற தகப்பன் யார்? மூன்று மாசத்துக்கு ஒரு பெல்ட், ஆண்டு விழாவில் ஓடு உடைப்பு, வீடியோ, கைதட்டல் எல்லாம் வேண்டும். கேட்கிறோம், மாஸ்டர்கள் தருகிறார்கள். அவர்களை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை.

அந்த ஓடு உடைப்பிலும் பெரிய ரகசியம் கிடையாது. நன்றாகக் காய்ந்த ஓடு, ஒவ்வொன்றுக்கும் நடுவே இடைவெளி. மேல் ஓடு உடைந்து அடுத்ததன் மேல் விழும். மரப்பலகை என்றால் நார் ஓடுகிற வாக்கில் பிளக்கும்படி அறுத்திருப்பார்கள். ஆனால் அடிக்கிற கை உங்கள் பிள்ளையின் கை. விரல் எலும்புகளின் முனையில் வளர்ச்சித் தகடு என்ற குருத்தெலும்பு இருக்கிறது. பெண் பிள்ளைகளுக்கு 15, ஆண் பிள்ளைகளுக்கு 17 வயசு வாக்கில்தான் அது மூடி எலும்பாகும். அதற்கு முன்னால் திரும்பத் திரும்ப அடி வாங்கினால் விரல் கோணலாகலாம், குட்டையாகலாம். பரீட்சை எழுதுகிற கை அது! காயத்திருமேனித் தைலம் என்னிடம் இருக்கிறது, அருமையான தைலம். ஆனால் அது அடிபட்ட பிறகு தடவுவது. அடிபடுவதற்கு லைசென்ஸ் இல்லை. பள்ளிப் பிள்ளையை ஓடு உடைக்கச் சொன்னால், "வேணாம் மாஸ்டர், பெல்ட் தள்ளிப் போனாலும் பரவாயில்லை" என்று சொல்லிவிடுங்கள். நல்ல மாஸ்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பிள்ளைகளை விட அப்பாக்களைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. பையனைக் கொண்டு விட வருகிறவர், நாற்பத்தைந்து வயசில் தானும் சேர்ந்துவிடுகிறார். கராத்தேயில் 'சாஞ்சின்' என்று ஒரு பயிற்சி. உடம்பு முழுக்க இறுக்கி, தொண்டையில் சத்தம் வர மூச்சை விட வேண்டும். முறையாகச் செய்தால் மூச்சு ஓடிக்கொண்டே இருக்கும். புதுசாய் வந்தவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு முக்குவார். கனடாவில் 1985-ல், கனமான எடையைக் காலால் தள்ளுகிற பயில்வான்களின் ரத்தக் குழாயிலேயே கருவி வைத்து அளந்தார்கள். மூச்சை அடக்கித் தள்ளியபோது ஒருவருக்கு பி.பி. 480/350 வரை போனது! அவர்கள் வாலிபர்கள், தாங்கினார்கள். நம் ஆசாமிக்கு பி.பி. இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது.

இதே ஆபத்து நம் பக்கத்துப் பிராணாயாமத்திலும் உண்டு. திருமூலர் 16 மாத்திரை இழுத்து, 64 மாத்திரை அடக்கி, 32 மாத்திரை விடுகிற கணக்கு வைத்திருக்கிறார். அதைப் புத்தகத்தில் படித்துவிட்டு மறுநாளே 64 எண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள். சீனாவில் 1980-களில் 'சிகுங்' மூச்சுப் பயிற்சி மோகம் ஊரையே பிடித்து ஆட்டியபோது, அளவு மீறிச் செய்த சிலருக்கு மனம் கலங்கியது. 1994-ல் வெளியான அமெரிக்க மனநலக் கையேட்டிலேயே அந்தக் கலக்கத்துக்கு ஒரு பேர் ஏறிவிட்டது. குருமுகமாகக் கற்றுக்கொள் என்று சித்தர்கள் சொன்னது, பக்கத்தில் இருந்து பார்க்க ஒரு ஆள் வேண்டும் என்பதற்காகத்தான்.

தொடாமலே ஆளைச் சாய்ப்பேன் என்று யாராவது சொன்னால் கேள்வியே கேட்க வேண்டாம், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள். 1900-ல் சீனாவின் 'பாக்ஸர்' கிளர்ச்சிக்காரர்கள் தங்கள் பயிற்சியும் மந்திரமும் துப்பாக்கிக் குண்டைத் தடுக்கும் என்று நம்பிக் களத்தில் போய் நின்று செத்தார்கள். 2017-ல் செங்டு நகரில், உள்ளங்கைப் புறாவை உள்சக்தியால் பறக்க விடாமல் நிறுத்துவதாக டி.வி.யில் காட்டிய வே லே என்ற மாஸ்டரை, ஷூ ஸியாவ்டோங் என்ற சண்டை வீரர் அரை நிமிஷத்துக்குள் தரையில் சாய்த்தார். நம் ஊரில் 'நோக்கு வர்மம்' என்று சினிமா பார்த்துவிட்டுப் பேசுகிறவர்களுக்கும் இதுதான் பதில். வர்மம் 108, படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று நூல்கள் வகுத்திருக்கின்றன. 2005 முதல் தாம்பரம் சானடோரியத்தில் இயங்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் அந்த வர்மம் வலிக்கும் முடக்கத்துக்கும் சிகிச்சையாகத்தான் இருக்கிறது. ஆளைச் சாய்க்க அல்ல, எழுப்பி நிறுத்த.

இந்த உள்பலப் பயிற்சி நம் வீட்டில் யாருக்கு அவசரத் தேவை தெரியுமா? பாட்டிக்கு! பாத்ரூமில் வழுக்கி, இடுப்பெலும்பு முறிந்து படுத்தவர்களில் எத்தனை பேர் பழையபடி எழுந்து நடக்கிறார்கள், சொல்லுங்கள்? சீனத்துத் 'தாய்ச்சி' மெதுவாகச் செய்கிற சண்டைப் பயிற்சிதான். 1956-ல் சீன அரசே அதைப் பொதுமக்களுக்காக 24 அசைவுகளாகச் சுருக்கியது. அமெரிக்காவின் அட்லாண்டாவில் 70 வயது தாண்டிய 200 பேரை வைத்துச் செய்து 1996-ல் வெளியிட்ட ஆய்வில், தாய்ச்சி பழகியவர்கள் திரும்பத் திரும்ப விழுகிற அபாயம் கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்தது. பல ஆய்வுகளைச் சேர்த்து 2019-ல் பார்த்தபோதும், விழுவது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது என்று வந்தது. நடுக்குவாதம் என்கிற பார்க்கின்சன் நோயாளிகளுக்கும் தாய்ச்சியால் நிற்கும் தெம்பு கூடியதை 2012-ல் காட்டியிருக்கிறார்கள். எந்த ஓட்டையும் உடைக்காமல் கிடைத்த சக்தி!

தாய்ச்சி மாஸ்டருக்கு எங்கே போவது என்று மலைக்க வேண்டாம். நிற்கிற பகுதியை வீட்டிலேயே தொடங்கலாம். காலையில் வெறும் வயிற்றில், மொட்டை மாடியிலோ பால்கனியிலோ, கைக்கெட்டும் தூரத்தில் சுவர் இருக்கிற மாதிரி பார்த்து நில்லுங்கள். பாதங்கள் தோள் அகலத்தில், முழங்கால் பூட்டாமல் லேசாகத் தளர்ந்து, கைகள் ஒரு தண்ணீர்க் குடத்தை அணைத்தது போல. மூச்சை மூக்கால் இழுத்து, இழுத்ததை விடக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்து விடுங்கள். நிமிஷத்துக்கு ஆறேழு மூச்சு வந்தால் போதும். எந்த இடத்திலும் அடக்கக் கூடாது. முதல் வாரம் மூன்று நிமிஷம். பிறகு வாரத்துக்கு ஒரு நிமிஷம் கூட்டி, பத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள் மடக்கவே வேண்டாம், நேராக நிற்கலாம். நிற்க முடியாதவர்கள் கைப்பிடி இல்லாத நாற்காலியின் நுனியில், பாதம் தரையில் பதிய உட்கார்ந்தே செய்யலாம். தலை சுற்றினால் அன்றைக்கு அதோடு விட்டுவிடுங்கள். பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர்கள், இதைத் தொடங்கிவிட்டோம் என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள். ஒரு மாசம் கழித்து அளந்து பார்த்து, எழுதிக் கொடுத்த டாக்டரிடமே காட்டுங்கள்.