விதியைப் பேசுவது அழுகுணி ஆட்டமா?

பெட்டிக்குள் இருக்கும் தாளில் அச்சடித்திருப்பதுதான் விதி, அதை மாற்றுவது பற்றிப் பேசவே கூடாது என்று நம்புகிறவர்கள் புதுச்சேரியில் நிறையப் பேர். கோடை விடுமுறையில் மோனோபொலியோ டிரேடோ விரித்து உட்காரும் பிள்ளைகளில் ஒருத்தி, "கார்டு வாங்குற ரூலை மாத்திக்கலாமா?" என்று கேட்டால் போதும். "அழுகுணி ஆட்டம் ஆடாதே" என்று பெரியவர்கள் அவள் வாயை அடைத்துவிடுகிறார்கள். இது தவறான தீர்ப்பு. ஆட்டத்தில் மூளைக்கு வேலை தரும் பகுதியையே பிள்ளைகளிடமிருந்து பறித்துக்கொள்கிற தீர்ப்பு.

நம் பாட்டிமார் தாயக்கட்டையைக் கையில் எடுக்கும் முன்பே விதி பேசினார்கள். "வெட்டாம உள்ள போகலாமா, கூடாதா? வெட்டினா இன்னொரு ஆட்டம் உண்டா?" தெருவுக்குத் தெரு பதில் மாறும். சம்பந்தி வீட்டில் ஆட உட்கார்ந்தால் முதலில் அதைத்தான் முடிவு செய்வார்கள். யாரும் யாரையும் அழுகுணி என்று சொன்னதில்லை.

பிரெஞ்சுக்காரர்கள் வழியே நம் ஊருக்கு வந்து இன்றும் ஆடப்படும் இரும்புக் குண்டு ஆட்டமான பெத்தாங்கும் ஒரு விதி மாற்றத்தில் பிறந்ததுதான். தென் பிரான்சில் அதற்கு முன்பிருந்த ஆட்டத்தில் சில அடி ஓடிவந்து குண்டை எறிய வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், லா சியோட்டா என்ற ஊரில், ஜூல் லெனுவார் என்ற நல்ல ஆட்டக்காரர் மூட்டுவாதத்தால் ஓட முடியாமல் போனார். நண்பர்கள் அவரை ஒதுக்கிவைக்கவில்லை. நின்ற இடத்தில் கால்களை ஊன்றியே எறியலாம் என்று விதியை மாற்றினார்கள்.

மோனோபொலிக்கு வருவோம். "மூல விதி" என்று எதைக் காப்பாற்றுகிறோம்? 1904இல் அமெரிக்காவில் லிசி மேகி என்ற பெண் இதன் முன்னோடிக்குக் காப்புரிமை பெற்றார். நிலத்தை வளைத்துப்போட்டவன் வாடகையால் மற்றவர்களை எப்படி வறியவர்களாக்குகிறான் என்று காட்டுவதற்காக அவர் உருவாக்கிய ஆட்டம் அது. அது கைக்குக் கை மாறியது. பலகையைத் துணியிலும் அட்டையிலும் தாங்களே வரைந்து ஆடினார்கள். அப்போது மனைகள் ஏலத்தில் போயின. அட்லாண்டிக் சிட்டியில் இதை ஆடிய குவேக்கர்கள் அமைதியை விரும்பும் சமயப் பிரிவினர். ஏலக் கூச்சல் அவர்களுக்கு ஒத்துவரவில்லை. பலகையிலேயே விலையை எழுதிவிட்டார்கள். 1935இல் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் சார்லஸ் டாரோவிடம் ஆட்டத்தை வாங்கி அச்சடித்தது. மேகியின் காப்புரிமைக்கு அது கொடுத்தது 500 டாலர். நாம் மாற்றக் கூடாது என்று பிடிவாதம் பிடிக்கும் அந்த விலைப் பட்டியலே முன்பு ஆடியவர்கள் தங்கள் வசதிக்காகச் செய்துகொண்ட மாற்றம்தான்.

இதில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தாளே வேதம் என்பவர்களில் பெரும்பாலோர் தாளைப் படித்ததில்லை. வந்து நின்ற இடத்தை ஒருவர் வாங்காவிட்டால் வங்கி அதை உடனே ஏலம் விட வேண்டும், வேண்டாம் என்றவரும் ஏலத்தில் கலந்துகொள்ளலாம் என்று மோனோபொலி தாளில் தெளிவாக இருக்கிறது. எத்தனை வீடுகளில் இதைச் செய்கிறார்கள்? பகடையை அடுத்தவரிடம் தள்ளிவிடுகிறார்கள். பாதிப் பலகை விற்காமல் கிடக்கிறது. ஆட்டம் மூன்று மணி நேரம் இழுக்கிறது. பிறகு, "இதெல்லாம் வெறும் அதிர்ஷ்டம்" என்று பெட்டியை மூடுகிறார்கள்.

எங்கள் வீட்டு மாடியில் பிள்ளைகளுக்கு இந்த ஏல விதியைப் படித்துக் காட்டினேன். ஆரஞ்சு நிறத்தில் இரண்டு கார்டு வைத்திருந்த பெண்ணுக்கு மூன்றாவது தேவை. 180 விலையுள்ள அந்த இடத்தில் வந்து நின்ற பையன் வேண்டாம் என்றான். ஏலம் 10இல் தொடங்கியது. அவளுக்கு அது எவ்வளவு தேவை என்று அவனுக்குத் தெரியும். பத்துப் பத்தாக ஏற்றிக்கொண்டே போய் 300இல் நிறுத்திக்கொண்டான். கார்டு அவள் கைக்கு வந்தது, வீடு கட்டப் பணமில்லை. அடுத்த நான்கு சுற்றும் அவள் முகத்தில் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. பகடை அதே பகடைதான்.

எல்லா மாற்றமும் நல்லது என்று நான் சொல்லவில்லை. அபராதப் பணத்தைப் பலகை நடுவில் குவித்து, ஃப்ரீ பார்க்கிங்கில் வந்து நிற்பவருக்கு அள்ளிக் கொடுக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. தாளில் அப்படி இல்லை. திவாலாக வேண்டியவர் பிழைத்துக்கொள்வதால் ஆட்டம் முடியாமல் நீள்கிறது. யோசித்து ஆடியவர் ஏமாறுகிறார். தோற்கிறவர் நடு ஆட்டத்தில் விதியை வளைப்பதும் அழுகுணிதான். ஆனால் முதல் பகடைக்கு முன் எல்லோரும் கூடிப் பேசி ஒப்புக்கொண்டதை அப்படிச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

ஆட்டத்தை உருவாக்கியவர்களே இதை ஏற்கிறார்கள். கிளாவுஸ் டாய்பர் உருவாக்கி 1995இல் ஜெர்மனியில் வெளியான கட்டான் ஆட்டத்தில் தாது, கம்பளி, தானியம் ஒவ்வொன்று கொடுத்தால் ஒரு வளர்ச்சிக் கார்டு வாங்கலாம். நான்கு பேருக்கான ஆட்டத்தை ஆறு பேருக்கு விரித்தபோது, தன் முறை வருவதற்குள் ஒருவர் நெடுநேரம் சும்மா உட்கார வேண்டியிருந்தது. அதற்காக, மற்றவர் முறை முடிந்ததும் எல்லோரும் கட்டலாம், கார்டு வாங்கலாம் என்று விதியைச் சேர்த்தார்கள். பின்னர் அதையும் மாற்றினார்கள்.

அதே ஆட்டத்தில், வாங்கிய கார்டைப் பொதுவாக வாங்கிய முறையிலேயே இறக்கக் கூடாது. ஏன் என்று ஒரு பிள்ளை கேட்டால் "ரூல் அப்படித்தான்" என்று முடித்துவிடாதீர்கள். கார்டு ஒரு சுற்றாவது கையில் மறைந்திருந்தால்தான் எதிரிக்கு அது என்னவாக இருக்கும் என்ற யோசனை வரும், தற்காத்துக்கொள்ள ஒரு வாய்ப்பும் கிடைக்கும் என்று சொல்லுங்கள். அப்படியும் அவளுக்கு ஒப்பவில்லையென்றால் மற்றவர்களைச் சம்மதிக்க வைத்து ஒரு ஆட்டம் தன் விதிப்படி ஆடிப் பார்க்கட்டும். ஆட்டம் கெட்டால் பழைய விதியை அவளே கேட்டு வாங்கிக்கொள்வாள்.