சட்டம் காணாத புகை

லொறியின் புகை என்றதும் அதன் பின்புறத்துச் சைலன்சர் குழாயே நம் நினைவுக்கு வருகின்றது. அரசாங்கத்தின் நினைவுக்கும் அதுவே வருகின்றது. 2008ஆம் ஆண்டில் இந்நாட்டில் தொடங்கிய வாகனப் புகைப் பரிசோதனையில், டீசல் எஞ்சினை முடுக்கி, சைலன்சர் குழாயின் வாயில் கருவியைச் செருகிப் புகையின் கருமையை அளக்கின்றார்கள். அளவு மிகாதிருந்தால் சான்றிதழ் கிடைக்கின்றது. சான்றிதழைக் காட்டினால் வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்கின்றது.

ஆனால் பழைய டீசல் லொறிக்குப் புகைவாய் ஒன்றல்ல, இரண்டு. இரண்டாவது வாய் எஞ்சினின் பக்கத்தில், சாரதியின் காலடிக்கு அண்மையில் இருக்கின்றது. பரிசோதனைக் கருவி அதனை நாடுவதேயில்லை. அளக்கப்படாத தீங்கு, தீங்கே அல்ல என்று கொள்ளப்படும் இந்நிலையைப் பற்றியே இன்று எழுத விரும்புகின்றோம்.

இரண்டாவது வாய் என்பது யாது? டீசல் எஞ்சினில் காற்று அதன் கனவளவில் பதினாறு முதல் இருபதில் ஒரு பங்காக நெருக்கப்பட்டு, அக்கொதிப்பிலேயே எரிபொருள் பற்றுகின்றது. அவ்வளவு அழுத்தத்தையும் பிஸ்டன் றிங்குகள் முற்றாகத் தடுத்து நிறுத்துதல் இயலாது. புதிய எஞ்சினிலும் சிறிதளவு வாயு றிங்குகளின் ஓரமாக நழுவி, எண்ணெய் நிரம்பிய கிராங் கேஸ் என்னும் அடிப்பெட்டிக்குள் இறங்கவே செய்யும். தேய்ந்த எஞ்சினில் இது பன்மடங்காகும். அங்கே அது எண்ணெய்த் துளிகளோடும் புகைக்கரியோடும் நீராவியோடும் கலக்கின்றது. அதற்கு வெளியேற வழியில்லாவிடின் அழுத்தம் பெருகி, எண்ணெய்ச் சீல்கள் பிதுங்கி ஒழுகும். எனவே வைத்த வழியே பிறீதர் குழாய். பழைய லொறிகள் பலவற்றில் இக்குழாய் திறந்த வாயோடு கீழ்நோக்கித் தொங்குகின்றது. லொறி நின்ற இடத்தில் கறுப்பு வட்டமாக எண்ணெய் சிந்திக் கிடப்பதற்கும், நெடும்பயணத்தில் சாரதிப் பெட்டிக்குள் எரிந்த எண்ணெய் மணப்பதற்கும் இக்குழாயும் ஒரு காரணமாகும்.

இதனை அற்பமென ஒதுக்குதல் தவறு. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2012இல் ஐயத்துக்கு இடமின்றி வகைப்படுத்தியது. அமெரிக்காவில், 2000ஆம் ஆண்டுக்குப் பிற்பட்ட சில ஆண்டுகளில், பாடசாலை பஸ்களுக்குள் சிறுவர் சுவாசிக்கும் காற்றை ஆராய்ந்தனர். சைலன்சருக்கு வடிகட்டி பூட்டிய பின்னரும் பஸ்ஸினுள்ளே நுண்துகள்கள் நீங்கவில்லை. எஞ்சினின் பிறீதர் குழாயிலிருந்து எழுந்த புகை, திறந்த வாயிற்கதவின் வழியே உள்ளே புகுந்துகொண்டிருந்தது. அதற்கும் ஒரு வடிகட்டியைப் பூட்டிய பின்னரே உள்ளிருந்த காற்றுத் தெளிந்தது. முன்கதவை அடைத்துவிட்டுப் பின்கதவைத் திறந்து வைத்திருந்த கதை இது.

சட்டத்தின் வரலாறும் இங்கே கவனிக்கத்தக்கது. 1961ஆம் ஆண்டு மாதிரிப் புதிய கார்களில், அடிப்பெட்டி வாயுவை எஞ்சினுக்கே திருப்பி எரிக்க வேண்டுமென்று கலிபோர்னியா மாநிலம் விதித்தது. ஆனால் டேர்போ பூட்டிய பார டீசல் வாகனங்களுக்கு அமெரிக்கச் சட்டம் நெடுங்காலம் விலக்களித்தே வந்தது. எண்ணெய் கலந்த வாயுவை உள்ளே திருப்பினால் டேர்போவும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் எண்ணெய்ப் படிவத்தால் கெடும் என்பது அவ்விலக்கின் காரணம். அக்காரணம் அன்று நியாயமானதே. எண்ணெயைப் பிரித்தெடுக்கும் சாதனங்கள் செம்மையுற்றபோது அது நீங்கிற்று. காரணம் ஒழிந்தவிடத்துச் சட்டமும் ஒழியும் என்பது பழைய சட்டநெறி. 2007 மாதிரி ஆண்டு முதல் அவ்விலக்கு அகற்றப்பட்டது. திறந்தே விடுவதானால், அவ்வாயுவையும் சைலன்சர் புகையோடு கூட்டிக் கணக்கிட வேண்டுமென்றும் விதித்தார்கள். காருக்கும் லொறிக்கும் இடையே நாற்பத்தாறு ஆண்டுகள் கழிந்தன! அந்நாற்பத்தாறு ஆண்டுகளும் அப்புகையைச் சுவாசித்தவன் சட்டம் இயற்றியவன் அல்லன், சாரதி.

அப்பிரிப்பான் மாயப்பொருள் அன்று. மிக நுண்ணிய இழைகளாலான வடிகட்டியினூடே வாயு செல்லும்போது, கண்ணுக்குப் புலனாகாத எண்ணெய்த் துளிகள் இழைகளில் ஒட்டி, ஒன்றோடொன்று கூடிப் பெருத்துக் கீழே வடிகின்றன. வடிந்த எண்ணெய் எஞ்சினுக்கே திரும்புகின்றது. தெளிந்த வாயு காற்றுக்குழாய்க்குச் செல்கின்றது. வேறு சில எஞ்சின்களில் சுழற்சியினால் எண்ணெய் பிரிக்கப்படுகின்றது. பாலிலிருந்து ஆடையைப் பிரிக்கச் சுவீடன் நாட்டுக் குஸ்தாவ் டி லாவல் 1878இல் உருவாக்கிய பொறியின் தத்துவமே அது. ஜேர்மனியின் மான் அன்ட் ஹம்மல், அமெரிக்காவின் டொனால்ட்சன் முதலிய கொம்பனிகள் பழைய எஞ்சின்களிலும் பின்னர் பூட்டத்தக்க பிரிப்பான்களைச் செய்து விற்கின்றன. எக்கொம்பனிக்கும் விளம்பரம் செய்வது நம் நோக்கமன்று. பொருள் உண்டு என்பதையும், அதனை அறிந்து வாங்க வேண்டும் என்பதையுமே சொல்கின்றோம்.

ஏனெனில், இப்பெயரில் விற்கப்படுவன யாவும் பிரிப்பான்கள் அல்ல. வெறும் தகரக் குவளைக்கு இரு குழாய்களைப் பொருத்தி, உள்ளே சிறிது கம்பிவலையைத் திணித்தால் பெருந்துளிகள் மட்டுமே தங்கும். நுண்துளிகள் தடையின்றிக் கடந்துவிடும். வாங்குவோர் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு. எஞ்சினின் அளவுக்கு ஏற்றதா? வடிகட்டி அடைபட்டால் அழுத்தம் வெளியேற மாற்று வால்வு உண்டா? வடிந்த எண்ணெய் திரும்பும் குழாயில் எதிர்வழியே வாயு ஏறாது தடுக்கும் வால்வு உண்டா? மாற்று வடிகட்டி நம் ஊரில் தொடர்ந்து கிடைக்குமா? நான்காவதற்கு விடை இல்லையெனில் முதல் மூன்றினாலும் பயனில்லை. மாற்றாத வடிகட்டி அடைபட்ட மூக்கையே ஒக்கும்.

இன்னோர் எச்சரிக்கை மிகவும் இன்றியமையாதது. சரியான பிரிப்பான் இன்றிப் பிறீதர் குழாயைக் காற்றுக்குழாயோடு இணைத்துவிடுதல் ஆபத்தானது. தேய்ந்த எஞ்சின் தன் எண்ணெயையே மிகுதியாக உறிஞ்சி எரிக்கத் தொடங்கினால், சாவியைத் திருப்பினாலும் நில்லாது தறிகெட்டு ஓடும். முடிவில் சிதறவும் கூடும். அன்றி, குழாயின் வாயில் துணியைத் திணிப்பதோ, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதாகும். அடைத்த அழுத்தம் சீல்களை உடைத்துக்கொண்டு வேறு வழியே வரும்.

அதுமட்டுமன்று. பிறீதர் குழாயில் புகை மிகுதல் ஒரு சாட்சியம். றிங்குகளோ சிலிண்டரோ தேய்ந்துவிட்டன என்பதை அது உரைக்கின்றது. பிரிப்பானைப் பூட்டிச் சாட்சியின் வாயை மூடிவிட்டு வழக்கில் வென்றதாக மகிழ்தல் பேதைமை. முதலில் எஞ்சினைச் சோதித்தல் வேண்டும். அடிப்பெட்டியின் அழுத்தத்தை, நீர் நிரப்பிய வளைந்த கண்ணாடிக்குழாய் ஒன்றினால் எந்தக் கராஜிலும் அளந்து, அவ்வெஞ்சினுக்குத் தயாரிப்பாளர் விதித்த எல்லையோடு ஒப்பிடலாம். நோய் எஞ்சினில் இருந்தால் சிகிச்சையும் எஞ்சினுக்கே.

இவ்வளவும் நமக்கு ஏன் என்று வாசகர் கேட்கலாம். 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இலேயே பெருமளவில் மீண்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய லொறிகளே நம் சுமைகளைத் தாங்கின. சுன்னாகம் சந்தையின் மரக்கறியையும் கிளிநொச்சி நெல்லையும் ஏற்றிச் செல்வன அவையே. அவற்றை ஒரே நாளில் ஒழித்தல் இயலாது. ஒழிக்க வேண்டுமென்று நாம் கேட்கவும் இல்லை. ஓடும் காலமெல்லாம் ஓட்டுபவனை நஞ்சூட்டாது ஓட வேண்டுமென்றே கேட்கின்றோம்.

ஆகவே, அரசாங்கத்திடம் நாம் கோருவன இரண்டு. புகைப் பரிசோதனையில் பிறீதர் குழாயையும் பார்வையிட வேண்டும். ஆனால் முதலாண்டில் தண்டனை வேண்டாம், எழுத்தில் அறிவுறுத்தல் போதும். தரமான பிரிப்பான்களையும் மாற்று வடிகட்டிகளையும் இறக்குமதித் தீர்வையிலிருந்து விலக்க வேண்டும். ஏழை லொறிக்காரனுக்குக் கடமையை மட்டும் விதித்துக் கருவியை எட்டாத விலையில் வைத்தல் நீதியன்று.

அரசாங்கம் செய்யும்வரை கைகட்டி நிற்க வேண்டியதுமில்லை. கூட்டுறவுச் சங்கங்கள் பசளையைச் சேர்ந்து வாங்குவதுபோல வடிகட்டிகளையும் சேர்ந்து வாங்கலாம். எஞ்சினியர்களும் தொழில்நுட்பக் கல்லூரி ஆசிரியர்களும் மாதத்தில் ஒரு நாளைச் சந்தை முற்றத்தில் செலவிட்டு, கண்ணாடிக்குழாய்ச் சோதனையைக் காட்டிக் கொடுக்கலாம். படித்தவரின் அறிவு உழுபவரின் முற்றத்துக்கு வராவிடின் அவ்வறிவினால் ஊருக்குப் பயன் யாது?

உழவர் பெருமக்களே! நாளை உங்கள் விளைச்சலை ஏற்ற வரும் லொறியின் கீழ் ஒருமுறை குனிந்து பாருங்கள். அங்கே தொங்கும் குழாயைக் கண்டதும் சாரதியை அழைத்துக் காட்டுங்கள். சட்டம் காணாததை நாம் முதலில் காண்போமாக. பின்னர் சட்டத்தையும் காணச் செய்வோமாக.