இணைப்புகளில் ஒளிந்திருக்கும் ஆபத்து

2024 மார்ச் 26 ஆம் திகதி அதிகாலையில், அமெரிக்காவின் பால்ட்டிமோர் துறைமுகத்திலிருந்து கொழும்பு நோக்கிப் புறப்பட்ட 'டாலி' என்ற கொள்கலன் கப்பல், மின்சாரத்தை இழந்து பிரான்சிஸ் ஸ்கொட் கீ பாலத்தில் மோதியது. பாலத்தில் திருத்தவேலையில் ஈடுபட்டிருந்த தொழிலாளர் அறுவர் உயிரிழந்தனர். எமது துறைமுகத்துக்கு வரவிருந்த கப்பல் என்பதால் இச்செய்தி இங்கும் பேசப்பட்டது. ஆனால், அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை 2025 நவம்பரில் வெளியிட்ட முடிவுகள் அதைவிடக் கூடுதலாகப் பேசப்பட வேண்டியவை.

ஒரு கம்பியில் சுற்றப்பட்டிருந்த பெயர்ப்பட்டி, அக்கம்பி தன் இணைப்பினுள் முழுமையாகப் பொருந்துவதைத் தடுத்திருந்தது. இணைப்புத் தளர்ந்தது, கப்பல் இருளில் மூழ்கியது. மின்சாரம் மீண்ட பின்னரும் அது நிலைக்கவில்லை. மின்பிறப்பாக்கிகளுக்கு எரிபொருள் வழங்கிக்கொண்டிருந்த பம்பி, அவ்வேலைக்கென அமைக்கப்பட்டதன்று. மின்தடையின் பின் தானாக மீளியங்கும் வசதியும் அதற்கு இருக்கவில்லை. எரிபொருள் அழுத்தம் குறைந்து மீண்டும் இருள் சூழ்ந்தது.

நவீன கப்பலொன்றின் இயந்திரம், சுக்கான் பொறி, மின்வழங்கல், கட்டுப்பாட்டு மென்பொருள் ஆகியன வெவ்வேறு நிறுவனங்களிடமிருந்து வருகின்றன. தனித்தனியே பரிசோதிக்கும்போது அவை சரியாகவே இயங்கும். குறைபாடு அவை சந்திக்குமிடத்தில்தான் தலைகாட்டும். இதற்கான விடைகளில் ஒன்றே கூட்டுக் கணினி உருவகப்படுத்தல். ஒவ்வொரு நிறுவனமும் தன் சாதனத்தின் கணினி மாதிரியை, தொழில் இரகசியம் வெளிப்படாதவாறு மூடிய பெட்டியாக வழங்கும். அவற்றை ஒன்றிணைத்து, ஒன்றின் விளைவை மற்றொன்று உள்வாங்குமாறு கணத்துக்குக் கணம் இயக்கிப் பார்க்கலாம். இதற்கான பொது நியமம் 2010 இல் ஐரோப்பிய மோட்டார் வாகனத் துறையில் உருவானது. நோர்வேயில் டிஎன்வி ஜிஎல், கொங்ஸ்பேர்க், சின்டெஃப் ஓஷன் ஆகியவற்றுடன் நோர்வே அறிவியல் தொழினுட்பப் பல்கலைக்கழகமும் அதனைக் கப்பல்களுக்கு விரிவுபடுத்தி, 2020 இல் அம்மென்பொருளை எவரும் பயன்படுத்தத்தக்கதாக வெளியிட்டன. டாலியோ 2015 இல் தென்கொரியாவில் கட்டப்பட்டது.

தளர்ந்த கம்பியை எந்தக் கணினி மாதிரியும் கண்டுபிடிக்காது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால், ஒரு கணம் மின்சாரத்தைத் துண்டித்தால் எந்தப் பம்பி மீளும், எது மீளாது என்ற கேள்விக்கு அது மேசையிலேயே விடை கூறும். ஒரேயொரு நிபந்தனை: கப்பல் உண்மையில் எவ்வாறு இயக்கப்படுகின்றதோ அவ்வாறே மாதிரியும் அமைய வேண்டும். டாலியில் அந்தப் பம்பியைப் பயன்படுத்தியது வடிவமைப்பாளரல்லர், இயக்கியவர்களே. கப்பல் கையளிக்கப்பட்டதும் மாதிரி அலுமாரிக்குள் போய்விடுமாயின் இத்தகைய மாற்றம் அதற்கு எட்டாது. எனவே, வடிவமைப்புக் கட்டத்தில் மட்டுமன்றி, இயக்கமுறை மாறும் ஒவ்வொரு வேளையிலும் இப்பரிசோதனையை மீளச் செய்யுமாறு கப்பல்களுக்குச் சான்றளிக்கும் சங்கங்கள் உரிமையாளர்களைப் பணிக்க வேண்டும்.