பழைய பூட்ஸும் ஒரு பழைய வழக்கும்

பழம்பொருள் பித்து பிடித்தவர்களைப் பார்த்திருப்பீர்கள். விக்டோரியா காலத்துச் சங்கிலிக் கடிகாரம், வெள்ளிப்பூண் போட்ட கைத்தடி, கௌபாய் படத்துச் சூதாடி போடுகிற மாதிரி தொப்பி... காசைக் கொட்டி வாங்குவார்கள். ஏன் என்று கேட்டால் ஒரே பதில்: "ஸ்டைல்!"

சரி, ஸ்டைல்தான். யாருக்கு?

1873-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் லீவை ஸ்ட்ராஸ் செப்பு ரிவிட் அடித்த பேண்ட்டுக்குக் காப்புரிமை வாங்கிய வருடம். கோல்ட் கம்பெனியின் 'பீஸ்மேக்கர்' துப்பாக்கி வந்ததும் அப்போதுதான். சேகரிப்பாளர்கள் உருகுகிற பொற்காலம்!

அதே 1873-இல் புதுச்சேரியில் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற தமிழ் வக்கீல் ஐரோப்பிய பூட்ஸ் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குள் நுழைந்தார். நீதிபதி ஒப்பவில்லை. தமிழனுக்கு எதற்கு பூட்ஸ் என்பதுதான் அன்றைய நியாயம். அவர் விடவில்லை. பாரிஸ் உச்ச நீதிமன்றம் வரை போய் ஜெயித்தார். பிறகு 1881 செப்டம்பர் 21-இல் ஒரு பிரெஞ்சு ஆணை வந்தது. சொந்தச் சமூக வழக்கச் சட்டத்தைத் துறந்தால் பிரெஞ்சுச் சட்டத்தின் கீழ் வரலாம் என்றது. அவரும் துறந்தார், 'லபோர்த்' என்று பெயர் வைத்துக்கொண்டார். 'வாசல்' என்று அர்த்தம்.

ஆக, ஒரு ஜோடி பூட்ஸ் என்பது அலங்காரம் இல்லை, அந்தஸ்துச் சண்டை. யார் போடலாம், யார் போடக்கூடாது என்பதுதான் அந்தக் காலத்துப் பொருள்களின் முழுக் கதையும். அதை உதறிவிட்டுப் பொருளை மட்டும் கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் அது சேகரிப்பா, வெறும் ஷாப்பிங்கா?

"பழசைக் காப்பாற்றுகிறோமே, அது சேவை இல்லையா?" என்பார்கள். சேவைதான், போட்டவர் பெயரையும் சேர்த்துக் காப்பாற்றினால்! யாருடையது, எந்த ஊர், எந்த வருடம் என்று ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லாத கடிகாரம் எந்த ஊருக்கும் சொந்தமில்லை. அசலா, போன வருடம் செய்த நகலா என்றுகூடத் தெரியாது.

லண்டன் ஏலத்தில் தேடுகிறவர்கள் முதலில் முதலியார்பேட்டைப் பரண்களைப் பார்க்கட்டும். 1898-இல் ஆரம்பித்து 2020-இல் மூடப்பட்ட ஏ.எஃப்.டி. மில் இங்கேதான் இருந்தது. அங்கே உழைத்தவர்களின் குடும்பங்கள் இருக்கின்றன. சைகோன் போய்த் திரும்பிய சொல்தாக்களின் பேரப்பிள்ளைகள் புதுச்சேரி முழுக்க இருக்கிறார்கள். தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் தொப்பியோ பெல்ட்டோ கிடந்தால் கிலோ கணக்கில் காயலான் கடைக்குப் போகிறது. அதே மாதிரி ஒன்று கடல் தாண்டி வந்தால் 'ஆன்டிக்' ஆகிவிடுகிறது!

இன்னொன்று. 1972-ஆம் வருடத் தொல்பொருள் சட்டப்படி, நூறு வருடம் தாண்டிய, வரலாற்று மதிப்புள்ள பொருளைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வியாபாரம் செய்ய லைசென்ஸ் வேண்டும். கடைக்காரரிடம் அதைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

வீட்டில் பாட்டி இருக்கும்போதே பெட்டியைத் திறந்து, எது யாருடையது என்று எழுதி வையுங்கள். ஒரு பேனாவும் ஒரு நோட்டும் போதும். அதைவிட மலிவான சேகரிப்பு கிடையாது.