வலைத்தளம் அமைப்போர் கருதற்பாலன

காவிரியின் வடகரையிலே முசிறிக்கு மேற்கே உள்ள தொட்டியம் என்னும் ஊரை நம் கல்லூரி மாணவரிற் பலர் நன்கறிவர். வாழைத் தோட்டங்களாற் பெயர்பெற்ற அவ்வூரினின்றும் சென்ற தை மாதத்தில் நண்பர் மூவர் நம்மைக் காண வந்திருந்தனர். அவர்கள் ஏழாண்டுகளாகத் தம் ஊர்ச் செய்திகளைத் திரட்டி ஒரு வலைத்தளத்தில் வெளியிட்டு வந்தவர்கள். 1924ஆம் ஆண்டின் காவிரிப் பெருவெள்ளத்தைப் பற்றித் தந்தையர் வாய்க் கேட்டதை முதியோர் சொல்ல எழுதியவை, வாழைக்கன்று தேர்ந்தெடுக்கும் முறை பற்றிய குறிப்புக்கள், பழைய திருமண அழைப்பிதழ்களின் படங்கள் என இருநூற்றுக்கு மேற்பட்ட பக்கங்கள் அதில் இருந்தன. சொல்லிய முதியோருட் பாதிப்பேர் இன்று இல்லை.

தளத்தை அமைத்துக் கொடுத்தவர் ஆண்டுக் கட்டணத்தை மும்மடங்காக்கினார். நண்பர்கள் வேறிடம் செல்ல விரும்பித் தம் பக்கங்களைக் கேட்டபோது, அவை தமது சொந்த மென்பொருளில் அமைந்தவை என்றும், பிரித்தெடுத்துத் தர வழியில்லை என்றும் விடை வந்தது. தளத்தின் பெயரும் அவர் பெயரிலேயே பதிவாகியிருந்தது. “எழுதியது நாங்கள், பூட்டு அவருடையது. இனி என்ன செய்வது ஐயா?” என்று வந்தவருள் மூத்தவர் கேட்டார். அவருக்கு நாம் கூறியவற்றையே இங்குச் சற்று விரித்தெழுதத் துணிந்தோம். அமைத்தவரைக் குறை கூறுதல் நம் நோக்கமன்று. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தபடியே அவர் நடந்தார். அதனைப் படியாது கையெழுத்திட்டவர் நம் நண்பர்களே.

வலைத்தளத்தின் பக்கங்களை எழுதவும் திருத்தவும் அடுக்கிவைக்கவும் உதவும் மென்பொருளை உள்ளடக்க மேலாண்மை முறைமை என்பர். அதனைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் அழகையும் விலையையும் ஆராய்வோர் பலர். அதனை விட்டு வெளியேறும் வழியை ஆராய்வோர் மிகச் சிலர். தொட்டியத்தார்க்கு இதனை விளக்குதல் எளிதாயிற்று. தார் வெட்டியபின் பக்கக்கன்றைப் பெயர்த்து வேறு நிலத்தில் நடலாம். கன்றைப் பெயர்க்கலாகாது என்று நிலத்துக்குரியவர் சொல்வாராயின், அந்நிலத்தைக் குத்தகைக்கு எடுப்பவர் எவர்? நிலத்தின் திறத்தில் இத்துணை விழிப்புடையோர் எழுத்தின் திறத்தில் ஏமாந்தது வியப்பே.

உலகில் இவ்வாறு இடருற்றோர் பலர். ஜியோசிட்டீஸ் என்னும் இலவச இடத்தில் மக்கள் ஆக்கிய பக்கங்கள் மூன்று கோடிக்கு மேற்பட்டன என்பர். அதன் உரிமையாளராகிய யாஹூ நிறுவனத்தார் 2009ஆம் ஆண்டு அக்டோபரில் அதனை மூடிவிட்டனர். தொண்டர் சிலர் இரவு பகலாக நகலெடுத்துக் காத்தவை போக, ஏனைய மறைந்தன. 2004ஆம் ஆண்டில் மூவபிள் டைப் என்னும் மென்பொருளின் உரிம விதிகளும் கட்டணமும் மாறியபோதோ நிகழ்ந்தது வேறு. அதில் எழுதியவை அனைத்தையும் ஓர் எளிய உரைக்கோப்பாக வெளியே எடுக்கும் வசதி இருந்தமையால், பலர் தம் எழுத்துக்களை எடுத்துக்கொண்டு வேர்ட்பிரஸ் என்னும் புதியதற்குக் குடிபெயர்ந்தனர். அடுத்த ஆண்டு மாம்போ என்ற முறைமையை ஆக்கிய நிரலாளர், அதன் நிருவாகத்தோடு மாறுபட்டு, கட்டற்ற உரிமத்தின் துணையால் மூலநிரலையே எடுத்துக்கொண்டு வெளியேறி ஜூம்லாவை அமைத்தனர். அப்பெயர் ‘அனைவரும் ஒன்றாய்’ எனப் பொருள்படும் சுவாஹிலிச் சொல்லினின்று வந்ததாம்.

தமிழர்க்கு இத்தகைய பூட்டு புதிதன்று. கணினியில் தமிழ் புகுந்த நாளில் எழுத்துரு விற்றோர் ஒவ்வொருவரும் எழுத்துக்களைத் தாம் தாம் விரும்பிய இடங்களில் வைத்தனர். ஒருவருடைய எழுத்துருவில் ‘அ’ இருந்த இடத்தில் மற்றொருவருடையதில் வேறேதோ இருந்தது. ஆதலின் ஒன்றில் அச்சிட்ட கட்டுரையை மற்றொன்றில் திறந்தால் பொருளற்ற குறிகளே தோன்றின. நாளிதழின் தளத்தைப் படிக்க விரும்புவோர் அவ்விதழின் எழுத்துருவை முதலில் இறக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. இக்குழப்பத்தை நீக்குதற்பொருட்டு இணையத்தில் கூடிய தமிழன்பர் திஸ்கி என்னும் குறியேற்றத்தை வகுத்தனர். 1999ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட்99 மாநாட்டின் பயனாகத் தமிழக அரசினர் டாப், டாம் என்னும் குறியேற்றங்களை ஏற்றனர். ஆயினும் நிலையான தீர்வு உலக மொழிகட்கெல்லாம் பொதுவாகிய யுனிகோடினாலேயே வாய்த்தது. 1991இல் வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. எனினும் 2010ஆம் ஆண்டிலேதான் தமிழக அரசினர் யுனிகோடையும், அதனை முழுதும் பயன்படுத்த இயலாதவிடத்துக்குத் தமிழ் அனைத்தெழுத்துக் குறியேற்றத்தையும் அரசு நியமமாக அறிவித்தனர். இடைப்பட்ட காலத்தில் பழைய எழுத்துருக்களில் அச்சிடப்பெற்ற நூல்களும் இதழ்களும் எத்துணை! மாற்றித் தரும் கருவி கிடைத்தவை பிழைத்தன. எழுத்துருவின் பெயரே மறந்துபோனவற்றைப் படிப்பார் இலர். நம் நண்பர்களின் முதலாண்டுக் கட்டுரைகளும் அத்தகைய எழுத்துரு ஒன்றில் அச்சிட்டு, படமாக்கி ஏற்றப்பட்டவை. பூட்டினுள்ளே மற்றொரு பூட்டு!

ஆகவே முறைமையின் பெயரைக் கேட்குமுன் வேறு சிலவற்றைக் கேட்டல் வேண்டும் என்றோம். தளப்பெயர் எவர் பெயரில் பதிவாகும்? நாம் எழுதியவையும் படங்களும் பிறர் மென்பொருளும் படிக்கத்தக்க கோப்பாக வெளிவருமா? வரும் என்பாராயின், கையெழுத்திடுமுன் பத்துப் பக்கங்களை எழுதி வெளியே எடுத்துக் காட்டச் சொல்லுக. வாய்ச்சொல்லை நம்பற்க.

வேர்ட்பிரஸ் 2003ஆம் ஆண்டிலும், ட்ரூபல் 2001ஆம் ஆண்டிலும் வெளிவந்தவை. ஜூம்லாவைப் போலவே இவ்விரண்டும் பொதுமக்கள் உரிமத்தில் உள்ளவை. எவரும் எடுத்து எந்த வழங்கியிலும் நிறுவலாம். இன்றைய பணியாளர் விலகினால் திருச்சிராப்பள்ளியிலேயே வேறொருவரைத் தேடிக்கொள்ளலாம். இந்திய அரசினரும் 2015ஆம் ஆண்டில் தம் அலுவலகங்களில் திறமூல மென்பொருளுக்கு முதலிடம் தரும் கொள்கையை வெளியிட்டனர். எனினும் உரிமம் ஒன்றே காக்கும் என்று எண்ணுதல் பேதைமை. வேர்ட்பிரஸின்மேல் பக்கம் வனையும் செருகுநிரல்கள் பல விலைக்கு விற்கப்படுகின்றன. அவற்றுட் சிலவற்றால் அமைத்த பக்கத்தினின்று அச்செருகுநிரலை நீக்கினால், கட்டுரைக்கு இடையிடையே பகரவடைப்புக் குறிகள் சிதறிக் கிடக்கும். 2024ஆம் ஆண்டில் வேர்ட்பிரஸின் தலைவர்க்கும் வழங்கி வாடகைக்கு விடும் ஒரு பெருநிறுவனத்தார்க்கும் பிணக்கு மூண்டு, அந்நிறுவனத்தார்க்குப் புதுப்பிப்புக்கள் வரும் வாயில் அடைக்கப்பட்டது, வழக்கும் நடந்தது. கட்டற்ற மென்பொருளுக்கும் வாயிற்காவலர் உண்டு போலும். ஆயினும் நிரலும் எழுத்தும் அவரவர் கையில் இருந்தமையால் தளங்கள் அழியவில்லை.

இதற்கு மாறாகக் கூறுவாரும் உளர். பூட்டுள்ள சேவையில் ஒருவர் மாதக் கட்டணம் செலுத்திவிட்டு உறங்கலாம். கட்டற்ற மென்பொருளையோ நாமே புதுப்பிக்க வேண்டும், புதுப்பியாது விட்டால் கள்வர் புகுவர் என்பர். இது மெய்யே. கவனிக்க ஆளில்லாத சங்கம் வேர்ட்பிரஸை நிறுவிவிட்டு மறந்துபோதல், கதவைத் திறந்துவைத்து ஊருக்குப் போவதை ஒக்கும். அத்தகையோர் பூட்டுள்ள சேவையையே நாடினும் நாம் குறை சொல்லோம், தளப்பெயரைத் தம் பெயரில் வைத்து எழுதியவற்றின் மூலப்படிகளை வீட்டில் வைத்துக்கொள்வாராயின்.

தொட்டியத்து நண்பர்களின் தளமோ மாதத்திற்கு இரண்டொரு கட்டுரைகளே வெளியிடுவது. கருத்துரைக்கும் கடைக்கும் அதில் இடமில்லை. அவர்க்கு வேர்ட்பிரஸும் மிகையே என்பது நம் கருத்து. கட்டுரைகளை மார்க்டவுன் என்னும் எளிய குறிகளுடன் யுனிகோட் உரைக்கோப்புகளாக எழுதி வைத்து, ஹியூகோ போன்ற கட்டற்ற கருவியால் பக்கங்களாக்கினால் போதும். தரவுத்தளம் இல்லை, வழங்கியில் கள்வர் புகும் வாயில்களும் குறைவு. ஹியூகோவே நாளை மறைந்தாலும் உரைக்கோப்புக்களை எந்தக் கணினியும் திறக்கும். கருவியைப் பழகச் சில வாரங்கள் ஆகும். அவர்களுள் இளையவர் அதற்கு இசைந்தார். மூத்தவர்க்குத் தட்டச்சு ஒன்றே போதும்.

பழைய பக்கங்களின் செய்தி இது. இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் தேடியதில் நூற்றுப் பதினெட்டுப் பக்கங்களின் உரை கிடைத்தது. நம் மாணவர் நால்வர் மற்றவற்றைத் திரையிற் பார்த்துப் படியெடுத்து வருகின்றனர். தளத்தின் ஆண்டுக் கட்டணம் முடிய இன்னும் ஐந்து வாரங்களே உள்ளன. அழைப்பிதழ்ப் படங்களுள் பெரிய அளவில் இருந்தவை அகப்படவில்லை. மூலப் படங்கள் வைத்திருக்கும் குடும்பத்தாரைத் தேடி மூத்தவர் தொட்டியத்தில் வீடு வீடாகச் சென்றுகொண்டிருக்கிறார்.