பொருள் காணும் உரிமை

இலக்கியம் படைப்போனிடத்தில் தொடங்குகிறது; படிப்போனிடத்தில் நிறைவுறுகிறது. இவ்விரு கரைகளுக்கும் இடையே பாலமாக அமைய வேண்டியவன் ஆசிரியன். பாலம் கடந்து செல்வதற்கு உரியது. வழியை மறித்து நிற்பதற்கு உரியதன்று. கல்லூரிகளில் புதினமும் கவிதையும் பாடமாகும்போது இவ்வுண்மை பெரும்பாலும் மறக்கப்படுகிறது என்பது நம் கருத்து.

'இப்புதினம் உணர்த்தும் கருத்துகளைத் தொகுத்துரைக்க' என்னும் வினா ஆண்டுதோறும் கேட்கப்படுகிறது. ஒரு வகுப்பின் விடைத்தாள்களை அடுக்கி வைத்துப் படித்தால், எல்லாவற்றிலும் அதே ஐந்து கருத்துகள், அதே வரிசையில், அதே உட்தலைப்புகளோடு அணிவகுத்து நிற்பதைக் காணலாம். ஒரே நூலைப் பல உள்ளங்கள் படித்தன என்பதற்கு அங்கே அடையாளமே இல்லை. ஒரு கையேட்டைப் பல கைகள் படியெடுத்தன என்பதற்கே சான்று உண்டு. முன்னர்க் கடைகளில் விற்ற கையேடு இந்த வேலையைச் செய்தது. இன்று கைப்பேசியும் செயற்கை நுண்ணறிவும் நொடிப்பொழுதில் அதனைச் செய்து தருகின்றன. வினா மாறாதவரை விடை எங்கிருந்து வந்தால் என்ன? விடைக்கு உடையவன் இல்லை என்பதுதான் கவலைக்குரியது.

கருவும் உரியும்

ஒரு நூலின் மையச் செய்தியைக் 'கருப்பொருள்' என்று வழங்கும் வழக்கம் இன்று வேரூன்றிவிட்டது. தொல்காப்பியம் கூறும் கருப்பொருள் வேறு. நிலமும் பொழுதும் முதற்பொருள்; தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறை, தொழில் போன்றவை கருப்பொருள்; புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் ஆகிய மனித உணர்வொழுக்கங்களே உரிப்பொருள். பாட்டின் உயிர் உரிப்பொருளில் இருக்கிறது. ஆகவே ஒரு நூலின் உட்பொருளைத் தேடும் மாணவன் தேட வேண்டியது அறிவுரைப் பட்டியலை அன்று. அந்நூலில் இயங்கும் மனித உணர்வையே ஆகும்.

படிப்போனின் உணர்வுக்கும் நம் இலக்கணம் இடம் வகுத்திருக்கிறது. மெய்ப்பாட்டியல் நகை முதல் உவகை ஈறாக எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது. உரையாசிரியர்கள் அவற்றைச் சுவைக்கப்படும் பொருள், சுவையுணர்வு, குறிப்பு, விறல் என நான்காகப் பகுத்து ஆராய்ந்தனர். பொருள் மட்டும் இருந்தால் போதாது. சுவைத்து உணர்வோன் ஒருவன் வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். நம் தேர்வு முறையோ பொருளை மட்டும் கேட்கிறது, உணர்ந்தவனைக் கேட்பதில்லை.

மான் ஏன் திரும்பி வந்தது?

சீறாப்புராணத்தின் மானுக்குப் பிணை நின்ற படலம் பல பாடத்திட்டங்களில் இடம்பெற்ற பகுதியாகும். வேடனின் வலையில் அகப்பட்ட பெண்மான், தன் கன்றுக்குப் பாலூட்டி வர விடை வேண்டுகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அதற்குப் பிணை நிற்கிறார்கள். சென்ற மான் சொன்ன சொல் தவறாமல் கன்றோடு திரும்பி வருகிறது. இப்படலத்தின் உட்பொருள் யாது என வினவினால் 'உயிர்களிடத்து நபிகளார் கொண்ட அருள்' என்று விடை வரும். அது சரியான விடையே. ஆயினும் அதற்கு மேலும் ஒருவன் கேட்கலாம்: தப்பிச் செல்ல வாய்ப்பிருந்தும் அந்த மான் ஏன் திரும்பி வந்தது?

இவ்வாறு வினவிய மாணவன் ஒருவன், தன்னை நம்பிப் பிணை நின்றவரைத் தலைகுனியச் செய்யக் கூடாது என்று அந்த மான் எண்ணியதாகவும், நம்பப்படுகிறவரிடத்தில் நேர்மை தானே வளர்கிறது என்பதே இப்படலத்தின் பொருளாகத் தனக்குத் தோன்றுவதாகவும் எழுதினான். கையேட்டில் இவ்விடை இல்லை. உமறுப்புலவரின் படலத்திலோ இதற்குத் தாராளமாக இடமிருக்கிறது. மாணவனுடைய கருத்து அருளை மறுக்கவில்லை. அவ்வருள் எவ்வாறு தொழிற்படுகிறது என்பதைக் கண்டு காட்டுகிறது. இத்தகைய விடைக்கு மதிப்பெண் குறையுமாயின், குறைபாடு விடையில் இல்லை.

கடலோரக் கிராமமும் நம் அச்சமும்

பழைய காப்பியத்தில் இவ்வுரிமையை அளிப்பது எளிது. நம் காலத்துக்கும் நம் வீட்டுக்கும் அருகில் வரும் புதினங்களில்தான் நாம் தயங்குகிறோம். தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோரக் கிராமத்தின் கதை' 1988இல் நூலாக வெளிவந்தது. தேங்காய்ப்பட்டினத்தைக் களமாகக் கொண்ட இப்புதினத்தில் வடக்கு வீட்டு அகமதுகண்ணு முதலாளியின் ஆதிக்கமும், தங்ஙளின் பெயரால் நிலவும் மூடநம்பிக்கையும், ஆங்கிலப் பள்ளிக்கு எழும் எதிர்ப்பும் ஒளிவுமறைவின்றிச் சித்திரிக்கப்படுகின்றன. மீரான் பின்னர்ச் 'சாய்வு நாற்காலி'க்காக 1997இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார், 2019இல் மறைந்தார்.

இத்தகைய நூலைக் கற்பிக்கும்போது இரு திசைகளிலிருந்து தடை எழுவதுண்டு. நம் குறைகளைப் பிற சமயத்து மாணவரும் அமர்ந்திருக்கும் வகுப்பில் பேசலாமா என்று பெரியவர் சிலர் கேட்பர். சிக்கல் வேண்டாம் என்று கருதும் ஆசிரியரோ, கல்வி மறுப்பின் கேடு, ஆதிக்கத்தின் வீழ்ச்சி என நான்கு கருத்துகளை எழுதிப் போட்டுப் பாடத்தை முடித்துக்கொள்வார். இரண்டும் ஒரே அச்சத்தின் இரு வடிவங்களே.

பெரியவர்களின் கவலை மானத்திலிருந்து பிறப்பது; அதனை நாம் எளிதாக எண்ணவில்லை. ஆயினும் ஓர் உண்மையை அவர்கள் முன் வைக்க விரும்புகிறோம். இப்புதினம் முதலில் தொடராக வெளிவந்த இடம் 'முஸ்லிம் முரசு'. நம் சமுதாய இதழே நம் இல்லங்களுக்குள் கொண்டுவந்து சேர்த்த கதையை, நம் கல்லூரி வகுப்பறையில் நம் பிள்ளைகள் மனம் திறந்து பேசுவதற்கு ஏன் அஞ்ச வேண்டும்? அன்றியும், வகுப்பில் இருக்கும் பிற சமயத்து மாணவன் இந்நூலில் காண்பது முஸ்லிமின் குறையை மட்டுமன்று. தன் ஊரின் பண்ணையாரை, தன் தெருவின் கட்டுப்பாட்டை, பள்ளிக்கு அனுப்பப்படாத தன் பாட்டியை அவன் அதில் காண்கிறான். அயலான் என்று நாம் கருதியவன் அந்நூலுக்குள் நம் அண்டை வீட்டானாகிவிடுகிறான். சுவரெழுப்பி இதனைப் பெற இயலாது.

மாணவர் எழுதும் எதிர்வினைகளைக் கூர்ந்து நோக்கினால் அவற்றின் வகைகள் வியப்பளிக்கும். ஒருவன் அகமதுகண்ணு முதலாளியின் மீது சினம் கொள்கிறான். வேறொருவன், செல்வம் கரைந்த பின்னும் குடும்பப் பெருமையை விட இயலாமல் தவிக்கும் அம்மனிதர் மீது இரக்கம் கொள்கிறான். ஒரே பாத்திரம் ஒருவனுக்கு வெகுளியாகவும் மற்றொருவனுக்கு அழுகையாகவும் அமைகிறது. இவற்றுள் எது சரி என்று கேட்பது பொருத்தமற்ற வினா. எந்நிகழ்ச்சி உன்னை அவ்வாறு எண்ணச் செய்தது என்று கேட்பதே பொருத்தமான வினா.

நம்மை மிகவும் சிந்திக்க வைத்தது ஒரு மாணவியின் விடை. ஊருக்குப் பள்ளி வேண்டுமா, வேண்டாமா என்று ஆடவர்கள் வழக்காடுகிறார்கள். முதலாளியின் மகள் ஆயிஷாவிடம் எவரும் எதையும் கேட்கவில்லை. அவளிடமும் கேட்டிருந்தால் அவள் வாழ்வு வேறாக இருந்திருக்குமோ என்று அவர் எழுதியிருந்தார். விடைக் குறிப்பில் இல்லாத வினா இது. தம் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதன்முதல் மிதித்த பெண்ணின் உள்ளத்திலிருந்து எழுந்த வினா. இதற்கு நேராகச் சுழி போட்டு 'வினாவிற்கு உரிய விடை அன்று' என்று எழுதிவிடலாம். விதி அதற்கு இடம் கொடுக்கும். அடுத்த தேர்வில் அப்பெண் ஐந்து கருத்துகளை மனப்பாடம் செய்து எழுதி நல்ல மதிப்பெண் பெறுவார். ஆனால் ஒருபோதும் மீண்டும் கேட்கமாட்டார். புதினத்தில் ஆயிஷாவுக்கு நேர்ந்ததையே நாமும் அவருக்குச் செய்தவர்களாவோம். பெண் மக்கள் படிக்க வேண்டும் என்று பாடுபட்டுக் கல்லூரிகளை எழுப்பிய சமுதாயத்துக்கு இது அழகாகுமா?

புரியவில்லை என்பதும் ஒரு விடை

கவிதையில் நிலைமை சற்றே வேறுபடுகிறது. 1974இல் வெளிவந்த 'பால்வீதி'யின் மூலம் கவிக்கோ அப்துல் ரகுமான் தமிழ்ப் புதுக்கவிதைக்குப் புதிய குறியீடுகளையும் படிமங்களையும் வழங்கினார். வாணியம்பாடி இசுலாமியாக் கல்லூரியில் நீண்ட காலம் தமிழ் பயிற்றுவித்த பேராசிரியர் அவர். 'ஆலாபனை'க்காக 1999இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர். அவருடைய குறியீட்டுக் கவிதைகளை முதன்முறை படிக்கும் மாணவன் 'புரியவில்லை' என்கிறான். உடனே நாம் பொருளைச் சொல்லிவிடுகிறோம். புதிருக்கு விடை கிடைத்தவுடன் புதிர் செத்துவிடுகிறது. கவிதையும் உடன் மடிகிறது. 'எந்தச் சொல் வரை புரிந்தது? எந்தச் சொல்லில் தடைப்பட்டாய்?' என்று கேட்டுப் பார்க்க வேண்டும். தடைப்பட்ட இடத்தில்தான் பெரும்பாலும் கவிஞரின் குறியீடு இருக்கும். தன் அறியாமையின் எல்லையைத் துல்லியமாகச் சுட்டத் தெரிந்தவன் திறனாய்வின் முதற்படியில் கால் வைத்துவிட்டான்.

தான்தோன்றிக் கருத்தா?

அவ்வாறாயின் மாணவன் எதை எழுதினாலும் ஏற்க வேண்டுமா என்று ஆசிரியப் பெருமக்கள் கேட்கலாம். ஏற்க வேண்டுவதில்லை. 'எங்கள் ஊரில் இவ்வாறு இல்லை; ஆகவே இக்கதை பொய்' என்று எழுதுகிறவன் நூலுக்கு எதிர்வினை புரியவில்லை; நூலைப் புறந்தள்ளுகிறான். 'எனக்குப் பிடித்திருக்கிறது' என்று மட்டும் எழுதுகிறவன் இன்னும் நூலுக்குள் நுழையவில்லை. கருத்துரிமை சான்றோடு பிணைந்தது. நிகழ்ச்சியைக் காட்டு, பாத்திரத்தின் சொல்லைக் காட்டு, பின் உன் முடிவைக் கூறு என்பதே நாம் விதிக்கும் கட்டுப்பாடு.

இக்கட்டுப்பாடு நம் மரபுகள் இரண்டிற்கும் பொதுவானது. திருக்குறளுக்குப் பதின்மர் உரை கண்டனர் என்பர். பரிமேலழகர் தமக்கு முற்பட்டோர் பொருளைப் பல இடங்களில் மறுத்தார். மறுத்ததற்குக் காரணமும் காட்டினார். மார்க்கச் சட்டத் துறையிலும் ஷாஃபி, ஹனஃபி மத்ஹபுகளைச் சார்ந்தோர் தமிழகத்தில் அருகருகே வாழ்கின்றனர். ஆதாரத்தின் அடிப்படையில் எழுந்த கருத்து வேற்றுமையை நம் முன்னோர் பகையாகக் கொள்ளவில்லை. ஆய்ந்து தீர்ப்பளிக்கும் நீதிபதி சரியான முடிவை எட்டினால் இரு நற்கூலி; உண்மையாக முயன்றும் தவறிவிட்டால் ஒரு நற்கூலி என்பது நாம் அனைவரும் அறிந்த நபிமொழியின் கருத்து. முயற்சிக்கே கூலி உண்டு என்று கற்ற சமுதாயத்தின் கல்லூரியில், முயன்று சிந்தித்த மாணவனுக்கு ஒரு மதிப்பெண்ணும் இல்லை என்பது பொருந்துமா?

செய்யத்தக்கன

பெரிய சீர்திருத்தம் எதனையும் நாம் கோரவில்லை. பல்கலைக்கழக வினாத்தாளை மாற்றுவது நம் கையில் இல்லாவிடினும் அகமதிப்பீடு நம் கையில் இருக்கிறது. பத்து மதிப்பெண் வினாவில் ஆறு மதிப்பெண்ணை நூலறிவுக்கும் நான்கு மதிப்பெண்ணை மாணவரின் சொந்த எதிர்வினைக்கும் அதற்கான சான்றுக்கும் ஒதுக்கலாம். இயந்திரம் எழுதித் தரும் விடைக்கும் இது ஓரளவு மாற்றாகும். எந்த இடத்தில் உன் மனம் தடைப்பட்டது என்று வகுப்பில் நேருக்கு நேர் கேட்கும்போது கடன் வாங்கிய விடை நிற்காது. ஆண்டுக்கு ஒருமுறையேனும் தமிழ்த்துறை ஒரு புதினத்தை எடுத்துக்கொண்டு மாணவர் எதிர்வினை அரங்கம் நடத்தலாம். சமுதாயப் பெரியவர்களை அழைத்து முன்வரிசையில் அமரச் செய்யலாம். தம் பேரப்பிள்ளைகள் எதனை எண்ணுகிறார்கள் என்பதைப் பிறர் வாயால் கேட்பதைவிட அவர்கள் வாயாலேயே கேட்பது நன்றல்லவா?

முதன்முதல் இறங்கிய இறைவசனம் ஓதுமாறு ஏவிய கட்டளையாகும். ஓதுதல் உதட்டோடு நின்றுவிடும் செயலன்று. உள்ளம் உடன்செல்லும் செயல். நம் மாணவர்கள் உள்ளத்தோடு படிக்கட்டும்; படித்ததைச் சான்றோடு சொல்லட்டும்; சொல்வதைச் செவிமடுக்கும் பொறுமை நமக்கு வாய்க்கட்டும். இம்மலரைக் கையில் ஏந்தும் மாணவச் செல்வங்களுக்கு நாம் கூற விரும்புவது இதுவே: அடுத்த முறை ஒரு புதினத்தை முடித்து மூடும்போது, கையேட்டைத் திறக்குமுன், உங்கள் மனத்தில் எஞ்சி நிற்கும் ஒரு வினாவை நூலின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். மறுநாள் அதனை வகுப்புக்குக் கொண்டு வாருங்கள்.