போர்த்துவதானால் கைத்தறி போர்த்துங்கள்

நண்பருக்கு மணிவிழா, பணி நிறைவு, நூல் வெளியீடு என்று எதுவானாலும் நம் கை முதலில் போவது பொன்னாடைக்குத்தான். பளபளக்கும் கரை போட்ட அந்தச் சால்வை பெரும்பாலும் செயற்கை இழை. போர்த்திய அரை நிமிடத்தில் நாற்காலியின் முதுகுக்குப் போய்விடும். மறுவாரம் வேறொருவர் தோளில் ஏறும். வாங்கியவர் உடுத்தவே முடியாத துணியால் யாருக்கு மரியாதை? துணிதான் பரிசு என்றால் அது கைத்தறியாக இருக்கட்டும். திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணியில் நெய்த பட்டு அங்கவஸ்திரமாக இருந்தால் இன்னும் நல்லது.

புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டு, காஞ்சிப் பட்டைவிட எடை குறைந்தது என்று பெயரெடுத்தது. தோளில் போடும் துணிக்கு அந்த லேசுதான் வேண்டும். அதன் பின்னே இருக்கும் உழைப்போ லேசானதல்ல. தறியில் நீளவாக்கில் கட்டிய பழைய பாவு முடிகிற இடத்தில் புதுப் பாவின் ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாக விரலால் முறுக்கிப் பிணைத்த பிறகுதான் நெசவாளர் குழியில் கால் இறக்கி, மிதியை அழுத்தி, நாடாவை ஓட்ட முடியும். நாடாவுக்குள் வைக்கும் தாரில் ஊடை நூலைச் சுற்றித் தருவது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாடெங்கும் இத்தொழிலில் இருப்போர் 35 லட்சத்துக்கும் மேல். அவர்களில் 70 சதவீதத்துக்கும் அதிகமானோர் பெண்கள். குளிர் நாடுகளில் நண்பருக்குக் கம்பளித் துண்டைத் தாமே பின்னித் தருவார்கள். நாம் நெய்யத் தெரியாதவர்கள். நெய்யத் தெரிந்தவருக்கு உரிய கூலி கிடைக்கும்படி வாங்கித் தருவதும் கைவேலைப் பரிசுதான்.

விலை கட்டாது என்பார்கள். ஒரே ஒரு துண்டுக்காகத் தனிப் பாவு போட்டால் கட்டாதுதான். ஆனால் ஒரு பாவில் பல துண்டுகளை அடுத்தடுத்து நெய்யலாம். ஆண்டு முழுக்கப் பொன்னாடை வாங்கும் சங்கங்களும் மன்றங்களும் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் மொத்தமாகச் சொல்லிவைத்தால் விலை இறங்கும், தறிக்கும் தொடர்ந்து வேலை கிடைக்கும். பட்டு எட்டாதவர்களுக்குப் பருத்திக் கைத்தறித் துண்டு இருக்கிறது. அசலை எப்படி அறிவது என்ற கேள்வி நியாயமானது. சில்க் மார்க் முத்திரை பட்டு சுத்தமானதா என்பதை மட்டுமே சொல்லும், எந்தத் தறியில் நெய்தது என்பதைச் சொல்லாது. அதற்கு 2006-இல் வந்த கைத்தறி முத்திரையைப் பார்க்க வேண்டும். விசைத்தறிக்காரர்களும் பிழைக்க வேண்டாமா என்றால், அவர்களுக்கு வேறு ரகங்கள் ஏராளம். குறிப்பிட்ட வகைத் துண்டுகளையும் அங்கவஸ்திரங்களையும் கைத்தறிக்கே ஒதுக்குவது 1985-ஆம் ஆண்டின் சட்டம்.

பொன்னாடை வேண்டாம், புத்தகம் தாருங்கள் என்று 2017-இல் மு.க. ஸ்டாலின் கேட்டுக்கொண்டார். வீணாகும் சால்வையைப் பொறுத்தவரை அது சரியான பேச்சு. ஆனால் உடுத்தக்கூடிய துணி வீணாவதில்லை. புத்தகம் கொடுப்பவர் கொடுக்கட்டும். துணிதான் கொடுப்பேன் என்பவர்கள், அழைப்பிதழ் அச்சுக்குப் போகும்போதே தறிக்கும் சொல்லிவிடுங்கள். நெசவுக்கு நாள் பிடிக்கும்.